ஓடினால் போதுமா?

தமிழில் மிகவும் ஆபத்தான சொல் எது என்று யாராவது என்னைக் கேட்டால், வசைச் சொற்களில் ஒன்றையும் நான் சொல்லமாட்டேன். வசைச் சொல்லால் யாருக்கும் கால் ஒடிந்ததில்லை. 'போதும்' என்ற சொல்லைத்தான் சொல்வேன். சாப்பாட்டுப் பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டிச் சொல்லுகிற 'போதும்' மிக உயர்ந்த சொல். ஆசைக்கு அணை போடுகிற சொல். ஆனால் அதே சொல் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்து, 'ஓடினால் போதும்' என்று ஆகும்போது, அது உயிர் குடிக்கிற சொல்லாகிவிடுகிறது.

பெரிய விஷயங்களைப் பற்றி எழுத நம் நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நான் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு டயர் மாற்றுகிறார்கள். மாற்றிய பிறகு அந்தச் சக்கரத்தைத் திரும்ப மாட்டுகிறார்கள். அது நேராக மாட்டப்படுகிறதா? இவ்வளவுதான் விஷயம்.

'கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை?' என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். நான் எஞ்சினீயர் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காதவன். ஆனால் இருபது வருஷமாக இரண்டு சக்கரத்தில் வேலூருக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அலைந்துகொண்டிருக்கிறவன். அதோடு, மனிதனுடைய சுபாவத்தைத் தெரிந்துகொள்ள அவன் பேச்சைக் கேட்பதைவிட, யாரும் பார்க்காத இடத்தில் அவன் எப்படி ஒரு நட்டை முடுக்குகிறான் என்று பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். அந்த வகையில் இது கதைக்காரனுடைய விஷயமும் ஆகிறது.

முதலில் எங்கள் பிரதேசத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையை ஒட்டித் தோலால் பிழைக்கிற ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. 2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. மாவட்டம் பிரிந்தது; தோல் பிரியவில்லை. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இங்கிருந்து சென்னைக்குப் போய் லண்டனுக்குக் கப்பலேறியது. பிறகு தோலாகப் போனது ஷூவாகப் போகத் தொடங்கியது. இன்று ஐரோப்பாவில் எத்தனையோ பேர் ஆம்பூர்ப் பெண்கள் தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

அந்த ஷூ கம்பெனிகளில் வேலை எப்படி நடக்கிறதென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஜோடி ஷூ என்றால் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும். இடது ஷூவின் தையல் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் ஓடுகிறதோ, வலது ஷூவிலும் அதே தூரத்தில் ஓட வேண்டும். முனை உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். குதிகால் நேராக நிற்க வேண்டும். தோலின் நிறங்கூட ஜோடி சேர வேண்டும். மேஜை மேல் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, கண்ணுக்குச் சற்று உறுத்தினாலும் எடுத்துத் தனியே போட்டுவிடுவார்கள். 'காலில் மாட்டினால் போதும்' என்று அங்கே ஒருவரும் பேச முடியாது. பேசினால் வேலை போய்விடும்.

அப்படி ஒரு மயிரிழைக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறாள் அந்தப் பெண். அண்ணனோ, தம்பியோ, கணவனோ வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்திருக்கிறான். அவள் பின்னால் ஏறி உட்காருகிறாள். அவள் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு ஒரு முழம் கீழே, பின்சக்கரம் கோணலாக ஓடிக்கொண்டிருக்கிறது! முன்பின் தெரியாத வெள்ளைக்காரனுடைய குதிகால் நேராக இருக்க வேண்டும். நம்முடைய தங்கை உட்கார்ந்து போகிற சக்கரம் எப்படி இருந்தாலும் போதும். இதைவிடப் பெரிய வேடிக்கை உண்டா?

கோணல் எங்கிருந்து வருகிறது? டயர் மாற்ற வேண்டுமானால் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு ஆக்சில் நட்டைத் தளர்த்துகிறார்கள். செயினைப் பல்சக்கரத்திலிருந்து எடுக்கிறார்கள். டிரம் பிரேக் வண்டியானால் பிரேக் ராடையும் கழற்றுகிறார்கள். திரும்ப மாட்டும்போது, ஸ்விங் ஆர்ம் என்கிற அந்த இரண்டு கரங்களுக்கும் நடுவில் ஆக்சில் முன்னும் பின்னும் நகர இடம் இருக்கிறது. செயினை இழுத்துக் கட்டுவதற்காக வைத்த இடம் அது. இடது பக்கத்துக்கு ஒரு அட்ஜஸ்டர், வலது பக்கத்துக்கு ஒரு அட்ஜஸ்டர். இரண்டையும் ஒரே அளவுக்குத் திருகினால் சக்கரம் நேராக நிற்கும். ஒன்றை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் திருகினால், முன்சக்கரம் ஒரு திசை பார்க்கும், பின்சக்கரம் இன்னொரு திசை பார்க்கும். ஷூவைப் போலவே இதுவும் ஜோடி விவகாரந்தான்!

அந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாது. வண்டி ஓடும், ஓடுவதுதான் ஆபத்து. ஓடாமல் நின்றுவிட்டால் யாராவது சரிபார்ப்பார்கள். கோணலாக மாட்டிய சக்கரத்தில் செயின் பல்சக்கரத்தின் மேல் நேராக உட்காராமல் ஒரு பக்கமாக உராய்ந்துகொண்டே ஓடும். சில மாதத்தில் பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கத்திபோல ஆகிவிடும். செயினின் உட்பக்கத் தகடு வெள்ளிபோல மினுங்கும். 'கறகற'வென்று ஒரு சத்தம் வரும். ஓட்டுகிறவர் அதை எஞ்சின் சத்தம் என்று நினைத்துக்கொள்வார். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அவர் தம் கைப்பிடியால் அதற்கு ஈடு கொடுத்துப் பழகிக்கொள்வார். நம்மவர்களுக்கு எந்தக் கோணலுக்கும் ஈடு கொடுத்துப் பழகிக்கொள்வது கைவந்த கலை அல்லவா? கடைசியில் ஒரு நாள், மழையில் வளைவு திரும்பும்போதோ, லாரியை முந்தும்போதோ, செயின் பல்லைவிட்டுக் குதிக்கும், அல்லது அறுந்து போகும். அறுந்த செயின் சும்மா கீழே விழுந்தால் அதிர்ஷ்டம். பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் சக்கரம் நின்ற இடத்தில் நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர்கள் நிற்கமாட்டார்கள்.

பெல்ட் வண்டிகளின் கதை இதைவிடக் கண்டிப்பானது. தோல் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சரித்திரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பிறந்த காலத்தில் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டு போனது பெரும்பாலும் தோல்வார்தான். மழை பெய்தால் வழுக்கும், வெயிலில் நீளும், வழியில் நிறுத்திச் சுருக்கிக் கட்ட வேண்டும். 1915-இல் வந்த டிரையம்ப் 'எச்' மாடல், முதல் உலக யுத்தத்தில் செய்தி கொண்டு போன சிப்பாய்களின் வண்டி. அதற்கும் பின்சக்கரத்துக்குப் பெல்ட்தான். பிறகு செயின் வந்து பெல்ட்டைத் துரத்திவிட்டது. 1980-இல் ஹார்லி டேவிட்சன் கம்பெனி 'ஸ்டர்ஜிஸ்' என்ற வண்டியில், ரப்பரும் உறுதியான இழையும் சேர்த்துச் செய்த பல்வைத்த பெல்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. சத்தமில்லை, எண்ணெய் வேண்டியதில்லை, ஆயுசும் அதிகம். ஆனால் ஒரு நிபந்தனை: சக்கரம் நேராக இருக்க வேண்டும். செயின் கோணலைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். பெல்ட் பொறுக்காது; ஒரு பக்கமாக நகர்ந்து சக்கரத்தின் விளிம்பில் ஏறி ஓரத்தை அறுத்துக்கொள்ளும். அதனால் பெல்ட் வண்டியில் டயர் மாற்றினால், சக்கரத்தைக் கையால் பலமுறை சுழற்றி, பெல்ட் எந்தப் பக்கம் நகர்கிறதென்று பார்த்து, அட்ஜஸ்டரைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருகி, திரும்பவும் சுழற்றிப் பார்க்க வேண்டும். அவசரக்காரனுக்கு அது வசப்படாது.

இந்த வித்தை எங்கள் ஊருக்குப் புதிதா? பழைய டேனரிகளில் தோலைப் புரட்டுகிற பெரிய மரப் பீப்பாய்களைப் பெல்ட் போட்டுத்தான் சுழற்றினார்கள். பெல்ட் ஓடுகிற உருளையின் நடுப்பாகத்தைச் சற்று மேடாகக் கடைந்திருப்பார்கள், பெல்ட் நடுவிலேயே நிற்கட்டும் என்று. அப்படியும் இரண்டு உருளைகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் பெல்ட் நழுவி விழுந்துவிடும். பீப்பாய் நிற்கும், உள்ளே இருக்கிற தோல் கெடும், முதலாளிக்கு நஷ்டம். ஆகவே நேராக வைத்தார்கள். முதலாளியின் தோலுக்கு ஆபத்து என்றால் நேராக வைக்கத் தெரிந்த கைகளுக்கு, நம்முடைய தோலுக்கு ஆபத்து என்றால் மட்டும் ஏன் கோணல் வருகிறது?

நான் கண்டதைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையோரத்துக் கடை ஒன்றில் என் வண்டிக்கு டயர் மாற்றினார்கள். வேலை செய்த பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். நல்ல சுறுசுறுப்பு. டயரை மாட்டினான், சக்கரத்தைத் தூக்கி வைத்தான், ஆக்சிலைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான், நட்டை முடுக்கினான்.

"தம்பி, வீல் நேரா இருக்கான்னு பாத்தியா?" என்றேன்.

"அதெல்லாம் கரீட்டா கீது சார். நீங்க எடுங்க."

"எப்படித் தெரியும்?"

"இன்னா சார், தினம் பத்து வண்டி பாக்குறேன். கண்ணாலயே தெரியும்."

குனிந்து பார்த்தேன். இடது பக்கத்துக் கோட்டுக்கும் வலது பக்கத்துக் கோட்டுக்கும் ஒரு கோடு வித்தியாசம். காட்டினேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. உடனே நட்டைத் தளர்த்திச் சரிசெய்தான். செய்யத் தெரியாதவன் அல்ல அவன். செய்ய வேண்டும் என்று அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்காதவர்கள் மேல் வந்தது.

காட்பாடிப் பக்கம் ஒரு பெரியவர் இருந்தார். பழைய புல்லட் வண்டிகளுக்கு அவர் கைதான் வைத்தியம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரிலிருந்து வண்டிகள் வரத் தொடங்கிய காலத்து வண்டிகளைக்கூட அவரிடம் பார்த்திருக்கிறேன். செருப்புத் தைக்கிற மெழுகு நூல் ஒரு கண்டு அவர் பெட்டியில் எப்போதும் இருக்கும். பின் டயரின் பின்புறத்தில் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் தரைக்குச் சமமாக முன்சக்கரம்வரை இழுத்துப் பிடிக்கச் சொல்வார். நூல் பின் டயரின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இரண்டு பக்கமும் ஒருசேரத் தொட வேண்டும். நேராகத் திருப்பி வைத்த முன்சக்கரத்துக்கு இரண்டு புறமும் சமமான இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்ஜஸ்டரைத் திருகுவார். மறுபடியும் நூல் பிடிப்பார். நட்டை முடுக்கிய பிறகு மறுபடி ஒரு தரம். "முடுக்கும்போது நகர்ந்திருக்கும்பா" என்பார். அந்த நூலின் விலை ஒரு ரூபாய் இருக்குமா?

இனி, எனக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களைப் பார்ப்போம்.

'கம்பெனிக்காரனே ஸ்விங் ஆர்மில் கோடு போட்டிருக்கிறானே, அதைப் பார்த்தால் போதாதா?' என்பது முதல் நியாயம். கோட்டைப் பார்க்கிறவர்களே அபூர்வம், பார்க்கிறவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் கோடு வழிகாட்டிதான், நீதிபதி அல்ல. இரண்டு பக்கத்துக் கோடுகளும் எப்போதும் அச்சாக ஒத்துப்போவதில்லை. வண்டி ஒருமுறை கீழே விழுந்து கரம் சற்று வளைந்திருந்தால், கோடு பொய் சொல்லும். ஸ்விங் ஆர்ம் கோத்திருக்கிற போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடுவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

'பாவம், ஏழைத் தொழிலாளி. நூறு இருநூறு ரூபாய்க் கூலிக்கு இவ்வளவு எதிர்பார்க்கலாமா?' என்பது இரண்டாவது. இந்த இரக்கத்தை நான் சந்தேகிக்கிறேன். உண்மையான இரக்கமானால் கூலியைக் கூட்டிக் கொடுத்து, 'பத்து நிமிஷம் அதிகம் எடுத்துக்கொண்டு நேராகப் பார்த்து மாட்டப்பா' என்று சொல்லும். நம்முடைய இரக்கம் அப்படிச் சொல்வதில்லை. கூலியில் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறது. கடிகாரத்தைப் பார்த்துக் காலைத் தட்டுகிறது. வேலை கெட்டால் மட்டும் 'ஏழை' என்று மன்னிக்கிறது. ஏழையின் வேலை மட்டமாகத்தான் இருக்கும் என்று நினைப்பதைவிடப் பெரிய அவமரியாதை ஏழைக்கு இல்லை. ஆம்பூரில் ஷூ தைக்கிறவர்கள் பணக்காரர்களா?

'காலங்காலமாக இப்படித்தானே ஓட்டுகிறோம், என்ன ஆகிவிட்டது?' என்பது மூன்றாவது. என்ன ஆகிவிட்டதென்று சொல்கிறேன். மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். இவர்கள் எல்லாரும் கோணல் சக்கரத்தால் செத்தார்கள் என்று நான் சொன்னால் அது பொய். வேகம் இருக்கிறது, குடி இருக்கிறது, குழி இருக்கிறது, தலைக்கவசம் இல்லாத தலை இருக்கிறது. ஆனால் விழுந்து கிடக்கிற வண்டியின் செயின் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்று யார் குனிந்து பார்க்கிறார்கள்? 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுகிறோம். கவனக்குறைவு உண்மைதான், யாருடைய கவனம், எங்கே குறைந்தது என்பதை மட்டும் கேட்பதில்லை.

வேலூரில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது ஒரு பெயர் என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். விபத்துக்குக் காரணம் வேறு. சக்கரத்தின் மேல் நான் அந்தப் பழியைப் போடவில்லை. அந்த அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் பாகாயத்தில், முதுகெலும்பு முறிந்தவர்களை மறுபடி வாழப் பழக்குவதற்கு ஒரு மறுவாழ்வு நிலையம் எழும்பியதற்கு அவரே காரணமாக இருந்தார். ஒரு நொடி விபத்து ஒரு ஆயுசை எப்படி மாற்றுகிறதென்று அறிய எங்கள் ஊர்க்காரன் வெகு தூரம் போக வேண்டியதில்லை. அந்த அம்மாளின் மனவலிமை எல்லாருக்கும் வாய்க்காது. ஒரு கண்டு நூல் எல்லாருக்கும் வாய்க்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. டிரம் பிரேக் வண்டிகளில் பிரேக் தட்டைச் சுழலாமல் பிடித்து வைத்திருக்கிற கம்பி ஒன்று உண்டு. சக்கரத்தை மாட்டும்போது சில கடைகளில் அதன் போல்ட்டை ஒப்புக்கு முடுக்குவார்கள். காட்டர் பின் கீழே விழுந்திருந்தால் தேடமாட்டார்கள். அந்தக் கம்பி கழன்ற நிலையில் பிரேக்கை மிதித்தால், நிறுத்த வேண்டிய தட்டே சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, பிரேக் ராடை முறுக்கிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஐந்து பைசா பெறாத பின்! செயின் லாக்கும் இப்படித்தான். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடும். செயின் தளர்ச்சியும் ஒரு கணக்குத்தான். நடுவில் விரலால் தூக்கினால் பெரும்பாலான வண்டிகளில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் அசைய வேண்டும். சரியான அளவு வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தில் இருக்கிறது. விறைப்பாகக் கட்டினால் கியர்பாக்ஸ் பேரிங் சாகும். தளர்ந்தால் செயின் குதிக்கும்.

என் குற்றச்சாட்டு யார் மேல் என்பதை இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பையன் மேல் அல்ல. இந்தப் பக்கத்தைப் படிக்கிற, படித்த, மாதச் சம்பளம் வாங்குகிற நம்மேல்தான். கைபேசிக்கு ஒட்டுகிற கண்ணாடித் தாளில் ஒரு காற்றுக் குமிழி நின்றால், பிய்த்துப் போட்டு வேறு ஒட்டச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் நாம். சட்டையின் இடது கை வலது கையைவிட அரை அங்குலம் குட்டையாக இருந்தால் டெய்லரைச் சும்மா விடுவோமா? மனைவியையும் குழந்தையையும் உட்கார வைத்துக்கொண்டு, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிற சக்கரத்தின் இடதும் வலதும் ஒன்றா என்று கேட்க மட்டும் நமக்கு வாய் வராது. கேட்டால் மெக்கானிக் கோபித்துக்கொள்வான் என்ற பயம், அல்லது அதைப் பற்றித் தெரிந்துகொள்வதே கௌரவக் குறைவு என்ற எண்ணம். கையில் கிரீஸ் படாத படிப்புக்கு நாம் கொடுத்து வைத்திருக்கிற மரியாதையின் விலை இது.

கேட்கிறவன் இருந்தால் செய்கிறவன் இருப்பான். ஆம்பூர் ஷூ நேராக இருப்பதற்குக் காரணம், வாங்குகிறவன் கோணலை வாங்கமாட்டான் என்பதுதான். ஐரோப்பாக்காரனுக்குத் தனியாக ஒரு புத்தி இருப்பதால் அல்ல. நாமும் அப்படி ஒரு தரம் திருப்பிக் கொடுத்துப் பார்ப்போம். அடுத்த முறை டயர் மாற்றும்போது வண்டியை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பாதீர்கள். குனிந்து இரண்டு பக்கத்துக் கோட்டையும் பாருங்கள். டேப் இருந்தால் அளக்கச் சொல்லுங்கள். நூல் இருந்தால் பிடிக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து செயின் போகிற போக்கை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நட்டை முடுக்கிய பிறகு செயின் தளர்ச்சியை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் கம்பியின் போல்ட்டையும் பின்னையும் விரலால் தொட்டுப் பாருங்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஐம்பது ரூபாய் அதிகமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது இனாமாகக் கொடுக்காதீர்கள்; கூலியாகக் கொடுங்கள்.

கடைக்காரர், 'ஓடுது சார், அவ்வளவு போதும்' என்று சொன்னால், 'எனக்குப் போதாது' என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.